பாடம் புரிந்ததா? ஆசிரியரே சோதித்துப் பார்க்கட்டும்!

பாடம் நடந்தது. மாணவர்கள் குறிப்பு எடுத்தார்கள். தேர்வு எழுதினார்கள். தேறியும் விட்டார்கள்.

பாடம் புரிந்ததா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கல்லூரி முதல்வர் அல்ல. அவர் வகுப்பில் இல்லை. பல்கலைக்கழகமும் அல்ல, அது விடைத்தாளை மட்டுமே பார்க்கிறது. பெற்றோருக்கோ பாடத்தின் பெயரே தெரியாமல் இருக்கலாம். பாடம் நடத்திய ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவருக்கும் அது தெரியாது என்பதுதான் வேடிக்கை. எத்தனை பேர் தேறினார்கள் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை அவர் போடுவதே இல்லை.

தொழிற்சாலையில் புதிய எந்திரம் வந்தால் சோதித்துப் பார்க்கிறார்கள். வயலில் புதிய விதை விதைத்தால் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வகுப்பறையில் மட்டும் முப்பது ஆண்டு ஒரே பாடத்தை ஒரே விதமாக நடத்தி, பலன் என்ன என்று பாராமல் ஓய்வு பெற்று விடலாம்!

கல்லூரி ஆசிரியர் தம்முடைய வகுப்பையே ஆராய வேண்டும். அதற்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இது இப்போது அவசியம்.

வாசல் வரை வந்து விட்டார்கள்

மல்லாங்கிணறு விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பலர் விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறார்கள். ஊரில் பிறந்து கல்லூரி ஆசிரியரானவரும் உண்டு. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் மல்லாங்கிணற்றில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர்.

இந்த வட்டாரத்தில் கல்லூரிக்குப் பஞ்சம் இல்லை. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947-லும், வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962-லும் தொடங்கின. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963-லும், ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968-லும் தோன்றின. பட்டாசும் தீப்பெட்டியும் தந்த பணம் கல்லூரிக் கட்டடமாக எழுந்த பூமி இது.

அரசும் கை கொடுக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. உயர்கல்வியில் சேருவோர் விகிதம் தமிழ்நாட்டில் 100-க்கு 47. இந்தியா முழுவதற்கும் 28 தான். இது 2021-22-ம் ஆண்டுக்கு மத்திய அரசு எடுத்த கணக்கு.

ஆகவே பிள்ளைகள் கல்லூரி வாசல் வரை வந்து விட்டார்கள். குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் அவர்களில் ஏராளம். பாடம் புரியவில்லை என்றால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. தனிப்பயிற்சிக்குப் பணம் இல்லை. வகுப்பில் புரிந்தால் உண்டு, இல்லையென்றால் மனப்பாடம்தான். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியர் சரியாக நடத்தாவிட்டாலும் ஈடு செய்ய வழி இருக்கிறது. இவர்களுக்கு ஆசிரியரை விட்டால் வேறு வழி இல்லை.

லாரியும் காரும்

ஆசிரியர் தம் வகுப்பைத் தாமே சோதித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பார்க்கலாம்.

எரிக் மசூர் அங்கே இயற்பியல் பேராசிரியர். 1984-ல் வேலைக்குச் சேர்ந்தார். மாணவர்கள் அவரைப் புகழ்ந்தார்கள். கடினமான கணக்குகளைக் கூடப் போட்டார்கள். தாம் நல்ல ஆசிரியர் என்று அவர் நம்பியதில் வியப்பில்லை.

1990-ல் ஒரு கட்டுரை அவர் கண்ணில் பட்டது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹலூன், ஹெஸ்டினஸ் என்ற இருவர் எழுதியது. கல்லூரியில் இயற்பியல் படித்து முடித்த பிறகும், விசை பற்றி மாணவர்கள் கொண்டிருந்த தவறான எண்ணம் பெரும்பாலும் மாறவில்லை என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். "என் மாணவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள்" என்று எந்த ஆசிரியரும் நினைப்பார். மசூரும் நினைத்தார். ஆனால் நினைத்ததோடு நிற்கவில்லை. அதே போன்ற சோதனையைத் தம் வகுப்பிலேயே வைத்தார்.

அத்தகைய கேள்விகளில் ஒன்று: பாரமான லாரியும் சிறிய காரும் மோதுகின்றன. லாரி காரின் மீது செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மீது செலுத்தும் விசை அதிகமா?

லாரி என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். இரண்டும் சமம் என்பதே சரியான விடை. கார் நொறுங்குவது அது இலேசானது என்பதால். அதன் மீது விழுந்த விசை அதிகம் என்பதால் அல்ல. இது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியைக் கேட்டால் மாணவர்கள் ஒப்பிப்பார்கள். லாரியையும் காரையும் காட்டினால் தடுமாறினார்கள். நீங்கள் நடத்தியபடி எழுதுவதா, நாங்கள் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணவி கேட்டாராம்! நடத்தியது ஒரு பக்கம், நினைப்பு ஒரு பக்கம் என்று இருந்திருக்கிறது.

வேறு யாராவது என்றால் அந்த விடைத்தாள்களைக் கட்டி மூலையில் போட்டிருப்பார்கள். மசூர் அடுத்த ஆண்டே முறையை மாற்றினார். சிறிது நேரம் பாடம். பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியாகச் சிந்தித்து விடை சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும். மறுபடி விடை சொல்ல வேண்டும். அதன் பின்புதான் விளக்கம்.

இது பலன் தந்ததா? "தந்தது போல் இருக்கிறது" என்று அவர் சொல்லவில்லை. பாடத்துக்கு முன் ஒரு சோதனை, பின் ஒரு சோதனை என்று ஆண்டுதோறும் அளந்தார். பழைய முறையில் கிடைத்த முன்னேற்றத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு புதிய முறையில் கிடைத்தது. பத்து ஆண்டுக் கணக்கை, கேத்தரின் கிரவுச் என்பவருடன் சேர்ந்து 2001-ல் வெளியிட்டார்.

குற்றம் குடும்பத்தின் மீதா?

இன்னொருவர் யூரி டிரைஸ்மன். 1970-களில் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தார். கருப்பின மாணவர்களில் பலர் கணித வகுப்பில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். ஆர்வம் இல்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, பள்ளியில் அடிப்படை இல்லை என்று காரணம் சொன்னார்கள். நம் ஊர் ஆசிரியர் ஓய்வறையிலும் கேட்கக் கூடிய பேச்சுத்தான்.

டிரைஸ்மன் அதை நம்பி விடவில்லை. இரு தரப்பிலும் இருபது இருபது பேரைத் தேர்ந்தார். அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பல மாதங்கள் கவனித்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கருப்பின மாணவர்களின் வீட்டில் அக்கறை இருந்தது. மாணவர்களும் உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். சீன மாணவர்களோ தனியே படித்து விட்டுப் பிறகு கூடி உட்கார்ந்து, ஒருவர் தவறை ஒருவர் திருத்திக்கொண்டார்கள்.

அதன் பிறகு அவர் கூட்டுப் படிப்பு வகுப்பு தொடங்கினார். மட்டமான மாணவர் என்று எளிய கணக்கு கொடுக்கவில்லை. கடினமான கணக்குகளையே கொடுத்தார். தோல்வி வெகுவாகக் குறைந்தது.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஸ்ரீதர் ஐயர், முதலாண்டுக் கணினி வகுப்பில் தனியாகச் சிந்தி, ஜோடியாகப் பேசு, எல்லோரோடும் பகிர் என்ற முறையைக் கையாண்டார். அவரும் சஹானா மூர்த்தியும் ஆய்வு மாணவர்களும் சேர்ந்து, பெரிய வகுப்பில் உண்மையில் எத்தனை பேர் ஈடுபடுகிறார்கள் என்று பத்து வாரம் கவனித்தார்கள். சராசரியாக 100-க்கு 83 பேர். 2013-ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஐ.ஐ.டி.யில் முடியும், விருதுநகரில் முடியாது என்று சொல்ல முடியுமா?

சட்டியும் தூளும்

விருதுநகரிலோ சிவகாசியிலோ ஒரு வேதியியல் ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தம் வகுப்பை ஆராய விரும்புகிறார். எங்கே தொடங்குவது?

"என் மாணவிகள் நன்றாகப் படிக்க என்ன செய்யலாம்?" என்று தொடங்கினால் கரை சேர முடியாது. கேள்வி மிகப் பெரிது. சிறிய கேள்வி வேண்டும். விடையை அளந்து சொல்லக் கூடிய கேள்வி வேண்டும்.

இதோ ஒன்று: வீட்டில் அலுமினியச் சட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. சட்டிக்கு ஒன்றும் ஆவதில்லை. பட்டாசு ஆலையில் அலுமினியத் தூளில் ஈரம் பட்டால் ஆபத்து என்கிறார்கள். இரண்டும் அலுமினியம்தானே? ஏன் இந்த வேறுபாடு?

அலுமினியமும் நீரும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயுவும் வெப்பமும் உண்டாகும் என்ற சமன்பாட்டை மாணவி பிழையின்றி எழுதுவாள். முழு மதிப்பெண்ணும் வாங்குவாள். சட்டிக் கேள்விக்கு அது பதில் ஆகாது. சட்டியின் மேல் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் இருந்து காக்கிறது. தூளாக்கினால் காற்றும் ஈரமும் படுகிற பரப்பு பல மடங்கு பெருகுகிறது. கருப்பட்டிக் கட்டி மெதுவாகவும், அதையே பொடித்தால் விரைவாகவும் கரைவது போல. தூள் குவியலுக்குள் உண்டாகும் சூடு வெளியேற வழி இல்லாமல் சேர்ந்துகொண்டே போகும், கடைசியில் தீப்பிடிக்கும்.

ஆலையில் வேலை பார்க்கும் தாய், "ஈரக் கையோட தூளைத் தொடாதே" என்று அறிந்திருக்கிறாள். காரணம் தெரியாது. மகளுக்குச் சமன்பாடு தெரியும். அந்தச் சமன்பாடும் அம்மாவின் எச்சரிக்கையும் ஒன்றே என்பது தெரியாது! இரண்டையும் சேர்த்து வைக்காத பாடம் என்ன பாடம்?

இது தேர்வு மதிப்பெண்ணோடு போகும் விஷயமும் அல்ல. 2012 செப்டம்பர் 5, நாடெங்கும் ஆசிரியர் தினம். அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். அந்த விபத்தின் காரணம் வேறு பேச்சு. ஆனால் வேதியியல் படித்த ஒருவர் நாளை ஆலையில் போர்மேன் ஆகலாம். மருந்து கலக்கும் அறைக்குப் பொறுப்பு ஏற்கலாம். மனப்பாடம் அங்கே உதவாது.

ஆசிரியை இரண்டாவதாக ஒரு கேள்வியும் வைத்துக்கொள்ளலாம். எரியும் விளக்கைக் குவளையால் மூடினால் அணைகிறது. பட்டாசு மருந்து மூடிய குழாய்க்குள்ளேயும் எரிகிறதே, எப்படி? வெடியுப்பு தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் தருகிறது என்பதே விடை.

பாடம் நடத்துவதற்கு முன்பே இரண்டு கேள்விகளையும் கொடுத்து, தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் பிறகு எடுக்கும் கணக்கு எதற்கும் உதவாது. முன்பே தெரிந்ததையும் பாடத்தால் தெரிந்ததையும் பிரிக்க முடியாமல் போகும்.

அடுத்தது ஒப்பீடு. இரண்டு பிரிவுகள் இருந்தால், சட்டிப் பாடத்தை முதல் பிரிவுக்குப் புதிய முறையிலும் இரண்டாம் பிரிவுக்கு வழக்கம் போலவும் நடத்தலாம். வெடியுப்புப் பாடத்தில் அதை மாற்றிக்கொள்ளலாம். இரு பிரிவுக்கும் இரு முறையும் கிடைக்கிறது. யாருக்கும் நஷ்டம் இல்லை. மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பிரிவில் ஜோடியாகப் பேசவும் வைத்து, தமிழிலும் விளக்கி, படமும் காட்டினால் எதனால் பலன் வந்தது என்று யார் சொல்வது?

ஒரு மாதம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதே கேள்விகளை மீண்டும் கொடுக்க வேண்டும். பாடம் முடிந்த மறுநாள் எல்லோருக்கும் நினைவு இருக்கும்! விடைத்தாளை வேறொரு ஆசிரியர் திருத்தட்டும். எது எந்தப் பிரிவின் தாள் என்று அவருக்குத் தெரியக் கூடாது. தம் முறை வெல்ல வேண்டும் என்ற ஆசை யாருக்கும் இருக்கும். அது பேனா முனையில் இறங்கி விடும்.

இன்னொன்று, பலரும் மறப்பது. எவ்வளவு முன்னேற்றம் வந்தால் புதிய முறை வென்றது, எவ்வளவு வந்தால் தோற்றது என்று தொடங்கும் முன்பே தாளில் எழுதித் தேதி போட்டு வைக்க வேண்டும். முதலில் 60 பேரில் 15 பேர் சரியாக எழுதினார்கள், பிறகு 18 பேர் எழுதினார்கள் என்றால் அது தற்செயலாகவும் நேரலாம். 40 பேர் எழுதினார்கள் என்றால் கவனிக்க வேண்டிய செய்தி.

படிவம் போதாதா?

"இத்தனை சிரமம் எதற்கு? புரிந்ததா என்று மாணவர்களிடம் படிவம் கொடுத்துக் கேட்டால் போதுமே" என்பார்கள். கல்லூரிகளில் படிவம் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அது போதாது என்பதற்கு 2019-ல் வந்த ஓர் ஆராய்ச்சி சாட்சி. அதுவும் ஹார்வர்டில் நடந்ததுதான். ஒரு பிரிவு அழகான சொற்பொழிவு கேட்டது. இன்னொரு பிரிவு தாமே முயன்று கணக்குப் போட்டது. பிறகு பிரிவுகள் மாறின. சொற்பொழிவு கேட்டபோது, நிறையக் கற்றதாக மாணவர்கள் நினைத்தார்கள். சோதித்தபோது, தாமே முயன்றவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். படிவம் மனநிறைவைச் சொல்லும். புரிந்ததைச் சொல்லாது.

மாணவர் எலி அல்ல

ஆசிரியரே ஆராய்ச்சியாளர் என்றால் ஓர் ஆபத்தும் உண்டு. மதிப்பெண் போடும் கையே சம்மதமும் கேட்கிறது. மாணவி மறுப்பாளா? ஆகவே, சம்மதத்தை வேறொருவர் மூலம் கேட்க வேண்டும். சேராவிட்டால் மதிப்பெண் குறையாது என்று எழுத்தில் தர வேண்டும். சோதனைத் தாளில் பெயருக்குப் பதில் எண் இருக்க வேண்டும். யார் சம்மதித்தார்கள் என்பதைத் தேர்வு முடிவு வந்த பிறகே ஆசிரியை அறிய வேண்டும். வீட்டு நிலை, சாதி, தாய் தந்தை தொழில் இவற்றையெல்லாம் ஆராய்ச்சிக்குத் தேவை இல்லாமல் கேட்கவே கூடாது.

கணக்கில் இன்னொரு மோசடியும் தெரியாமல் நடந்து விடும். முதல் சோதனை எழுதியவர் 60 பேர். இரண்டாவது எழுதியவர் 48 பேர். அந்த 48 பேரின் சராசரி உயர்ந்திருக்கிறது. ஆகா, வெற்றி! மீதி 12 பேர் எங்கே? பஸ் கிடைக்காதவர், வேலைக்குப் போனவர், மணம் முடித்தவர், படிப்பையே விட்டவர் யாராகவும் இருக்கலாம். பாடம் புரியாமல் நின்றவராகவும் இருக்கலாம். தடுமாறியவர்கள் போய் விட்டால் சராசரி தானாக ஏறும். ஆகவே வராத பிள்ளைக்கும் கணக்கில் ஓர் இடம் வேண்டும். பத்து நாள் வராத பெண்ணைத் தேடி ஒரு போன் செய்வதும் இந்த ஆராய்ச்சியின் பகுதிதான்.

அரசு செய்ய வேண்டியது

இப்படி ஓர் ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் வேண்டாம். காகிதம் வேண்டும், நேரம் வேண்டும், பயம் இல்லாத நிலை வேண்டும். கடைசியில் சொன்னதுதான் கடினம். ஆசிரியர் தம் குறையைத் தாமே எழுதி வைத்தால், அதையே எடுத்து அவருக்கு எதிராகக் காட்ட மாட்டார்கள் என்று என்ன உறுதி? நிரந்தர வேலையில் இருப்பவரே அஞ்சுவார். ஆண்டுக்கு ஆண்டு வேலை நிலைக்குமா என்று தவிக்கும் கௌரவ விரிவுரையாளர் என்ன செய்வார்? "100-க்கு 20 பேருக்குத்தான் புரிந்தது" என்று உண்மை எழுதுகிற ஆசிரியர் பாராட்டப்பட வேண்டும். இந்த முடிவுகளைத் தண்டனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும்.

பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரை கேட்கிறார்கள். எங்கோ அச்சாகி யாரும் படிக்காமல் போகும் கட்டுரைக்கு மதிப்பு இருக்கும்போது, தம் வகுப்பை ஒழுங்காகச் சோதித்து எழுதிய கட்டுரைக்கும் அதே மதிப்பு தருவதில் என்ன தடை? கற்பிப்பதும் புலமைதான் என்று அமெரிக்காவில் எர்னஸ்ட் போயர் 1990-லேயே வாதாடினார். இங்கே மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்றவை முன்வரலாம். ஆராய்ச்சி செய்யும் ஆசிரியருக்கு வாரம் இரண்டு மணி நேர வகுப்பைக் குறைக்கலாம். முடிவைத் தமிழிலும் எழுதச் சொல்லலாம். தோற்ற சோதனையையும் வெளியிட வேண்டும். சிவகாசியில் தோற்றதை அருப்புக்கோட்டையில் மறுபடியும் செய்து பார்த்து ஓர் ஆண்டை வீணாக்க வேண்டாம் அல்லவா?

கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே அந்த இரண்டு கேள்விகளும் மாணவர் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்பே முதல்வரின் அனுமதிக் கடிதமும், விடை திருத்த ஒரு சக ஆசிரியரின் சம்மதமும் வாங்கியிருக்க வேண்டும். பாடத்தைத் தொடங்கி விட்டால், பாடத்துக்கு முன் மாணவருக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை அறிய அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரும்.